மேட்டில் நிறுத்திய வண்டி

20-1-1975, திங்கள்

இன்றும் தள்ளித்தான் கிளம்பியது.

தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. காலையில் நான் கார்க் கதவைத் திறந்தால் போதும், டீக்கடையில் இருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள். மந்திரி வந்தால்கூட இந்தத் திருக்கழுக்குன்றத்தில் இத்தனை பேர் எழுந்து நிற்க மாட்டார்கள்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்தே இந்தக் கூத்து. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். அதனால் எங்கே போனாலும் மேடு பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறேன். வீட்டு வாசலில் மலையடிவாரச் சரிவு இருக்கிறது. செங்கல்பட்டில் என் மகள் சுராயாவின் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு மேடு கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் மாமனார் மவுத்துச் சேதி வந்ததும் வீட்டுக்காரி ஜஹனாரா பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள்; நான் வண்டியில் போனால் அந்தத் தெருவில் மேடே இல்லை. மேட்டைத் தேடி அடுத்த ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். மச்சினன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

தள்ளும்போது சுராயா முன் சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறாள். இன்று தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

மார்ச் கடைசியில் அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதற்குள் இந்தக் கழுதைக்கு உயிர் வந்தாக வேண்டும். இளம்பிள்ளை வாதத்துக்கு இரும்புப் பட்டை போட்ட காலோடு அந்தப் பிள்ளை வேறு எதில் போகும்?

பக்கத்து வீட்டு சாலமோன் மின்சார போர்டில் லைன்மேன். மின்சாரம் சம்பந்தப்பட்டது என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பேட்டரி பூட்ச்சு அண்ணாத்த, மாத்திடு" என்றார். செங்கல்பட்டு மெக்கானிக் வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். ஒரு வாரம் பிள்ளை எப்படிப் படிக்கப் போகும்? நானே மாற்றிவிடுவேன். இந்த வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பாத்திரமும் பெட்ரோமாக்ஸும் வாடகைக்கு விடுகிறவன். விளக்குக்கு மேன்டில் கட்டிப் பழகிய விரல் இது. ஒரு பேட்டரியா பெரிசு?

21-1-1975

பேட்டரியைக் காணோம்.

பானெட்டைத் திறந்து நானும் சாலமோனும் நாய்க்குட்டியைத் தேடுவது போலத் தேடினோம். இல்லை. "கம்பத்துல ஏறத்தான் எனக்குத் தெரியும், காருக்குள்ள எறங்கத் தெரியாது" என்று சாலமோன் கழன்றுகொண்டார். கடைசியில் தடித்த ஒயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனேன். அது டிரைவர் சீட்டுக்குக் கீழே போயிற்று. சீட்டைக் கழற்றி, பாயை உரித்து, பலகையைத் தூக்கினால் கீழே ஒரு குழி. குழிக்குள் ஒரு இரும்புத் தொட்டி. அதற்குள் பேட்டரி.

நாலு வருஷமாக அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி செய்த வெள்ளைக்காரன் அதை என்னவோ பரம்பரை நகை என்று நினைத்துப் புதைத்திருக்கிறான்.

வியாபாரம்: நரசிம்மன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த பெரிய அண்டாவின் அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி ஆடினார்களா என்ன? கேட்டதற்கு, "வாங்கும்போதே அப்டித்தான் இருந்துச்சு பாய்" என்கிறார். ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சாகிவிட்டது. அண்டாவைக் கொல்லையில் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

22-1-1975

பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டைக்கு இரண்டு போல்ட். முன்னால் இருப்பது கழன்றது. பின்னால் இருப்பது தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். விரல் நுனி படுகிறது, ஸ்பேனர் போகவில்லை. ஸ்பேனர் போனால் கை போகவில்லை. இரண்டும் போனால் திருப்ப இடமில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போய் நட்டும் போல்ட்டும் ஒன்றாகிவிட்டன.

என் கைலியில் காலையில் இல்லாத ஓட்டைகள். ஆசிட். ஜஹனாரா கைலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காயப் போடவா, மாவு சலிக்க வச்சுக்கவா?" என்றாள்.

23-1-1975, வியாழன்

தள்ளியும் கிளம்பவில்லை.

சரிவு முடிகிற வரை தள்ளினார்கள். திரும்ப மேலே ஏற்றி மறுபடி தள்ளினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் "பாய், நாளிக்கு வச்சுக்கலாம்" என்றார். மற்றவர்கள் பேசவே தெம்பில்லாமல் நின்றார்கள்.

இன்று சுராயாவுக்கு சயன்ஸ் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் வைக்கிற சோதனைப் பரீட்சைதான். ஆனாலும் பரீட்சை. காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "மார்கரெட்டோட பஸ்ஸுல போவட்டா அத்தா?"

மார்கரெட் சாலமோனின் மகள், இவளோடுதான் படிக்கிறாள். என் காரில் வா என்று எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறேன். தள்ளிக் கிளப்புவதற்குள் முதல் மணி அடித்துவிடும் என்று பஸ்ஸிலேயே போய்விடுவாள்.

கத்திவிட்டேன். முதல் படி எவ்வளவு உயரம் தெரியுமா, கூட்டத்துல எவன் உனக்கு நிப்பான், மறந்துட்டியா என்று— தெருவே கேட்டிருக்கும். அவள் மோவாயைத் தடவிக்கொண்டாள். அங்கே தையல் போட்ட தழும்பு இருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கையில் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள். ஒரு கால் படியில், இரும்புக் கால் தரையில். பஸ் போய்விட்டது, பிள்ளை கீழே. அந்த மாதம்தான் இந்த வண்டியை வாங்கினேன்.

மறந்திருக்க மாட்டாள். ஏன் அப்படிக் கேட்டேன்?

24-1-1975, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் ஜஹனாரா ஊர் பூரா சொன்னது மட்டும்தான் மிஞ்சும், அதில் சரக்கு அதிகம்.

குளித்துவிட்டு ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு முயற்சி என்று கையை விட்டேன். போயிற்று. ஸ்பேனர் நட்டைப் பிடித்தும்விட்டது. திருப்பினேன், வழுக்கிற்று. கையை இழுத்தால் வரவில்லை.

வலி இல்லை. ஆனால் வரவில்லை. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, அத்தரோடு காருக்குள் குப்புறக் கிடக்கிறேன். கால் இரண்டும் தெருவில். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுகைக்குப் போகிறவர்கள் என் காலைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் உள்ளேயிருந்து பதில் சொன்னேன்.

ஜஹனாரா தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். பிறகு சோப்புத் தண்ணீர். "கைய வுட்டுட்டு ஆளை மட்டும் எடுக்கலாமா?" என்று சாலமோனிடம் யோசனை கேட்கிறாள். அந்த ஆள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

சுராயாதான் தரையில் உட்கார்ந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "அத்தா, ஸ்பேனரைப் புடிச்சுகினு இருக்கீங்க. அதான் வரல. வுட்டுடுங்க."

"வுட்டா அது சட்டத்துக்குள்ள வுழுந்துடும். அப்புறம் எடுக்க முடியாது."

"வுழட்டும்."

விட்டேன். ஸ்பேனர் உள்ளே எங்கோ கடகடவென்று உருண்டது. கை வந்துவிட்டது.

ஜும்ஆ கிடைத்தது, கடைசி வரிசையில். தேங்காய் எண்ணெய் வாசனையோடு.

25-1-1975

இரும்பறுக்கிற ஹேக்ஸா பிளேடை மட்டும் துணி சுற்றிப் பிடித்து அறுத்தே போல்ட்டை எடுத்தேன். பேட்டரியைத் தூக்கியபோது அழுகை வரும் போலிருந்தது. என் ஆயுளில் ஒரு குழந்தையைத் தவிர எதையும் இத்தனை பக்குவமாகத் தூக்கியதில்லை.

பஸ் ஏறி செங்கல்பட்டு போனேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. போகும்போது பாதி காலி. திரும்பும்போதுதான் பேஜார். கையில் புதுப் பேட்டரி, ஆசிட் ஊற்றியது, சாய்க்கக் கூடாது. அதை வைத்துக்கொண்டு முதல் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. ஒரு தரம் பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். பின்னாலிருந்து மீன்கூடைக்காரி கன்னியம்மா, "இன்னா பாய், பஸ்ஸுக்கு பாத்தியா ஓதுறியா? கொண்டா இங்க!" என்று கூடையை என்னிடம் தள்ளிவிட்டுப் பேட்டரியை வாங்கி ஏறிவிட்டாள். நான் மீன்கூடையோடு ஏறினேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "பொறுமையா, பொறுமையா" என்று நின்றார்.

படி உயரம்தான். நான் சொன்னது பொய்யில்லை.

26-1-1975, குடியரசு தினம்

மற்றவர்கள் கொடி ஏற்றினார்கள். நான் புகை ஏற்றினேன்.

புதுப் பேட்டரி பழையதைவிட ஒரு விரல்கடை உயரம். பலகை மூடவில்லை. பலகை எதற்கு, சீட்தான் இருக்கிறதே என்று நேரே சீட்டை வைத்தேன். என் புத்தி. "எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டு நிறுத்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தேன்.

என் எடை அல்லாஹ் கொடுத்தது. சீட்டு ஸ்பிரிங் இறங்கிப் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுவிட்டது. அடியில் 'சுர்ர்' என்றது. தேங்காய் நார் கருகுகிற வாசனை. பிறகு சூடு. எங்கே என்று எழுத மாட்டேன்.

குதித்தேன். கதவைத் திறந்தேனா, ஜன்னல் வழியாக வந்தேனா, தெரியவில்லை. சாலமோன் சீட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தார். ஜஹனாரா மண்ணை வாரிக் கொட்டினாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தடித்த ஒயர் மட்டும் எரிந்துவிட்டது. இனி அது வாங்க வேண்டும்.

ஜஹனாரா: "உக்காந்த எடத்துலயே பொகையற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். சுராயா மட்டும் சிரிக்கவில்லை. "நாளிக்கும் பள்ளிக்கூடம் இல்லியா அத்தா?" என்றாள்.

இல்லை. நாளைக்கும் இல்லை.

27-1-1975, திங்கள்

பஜ்ர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போய், நாஸ்தாவுக்கு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

"சுராயா எங்க?"

"பஸ்ஸுல போயிருக்குது."

"யாரு அனுப்புனது?"

"நான்தான்."

"உன்னை யாரு கேட்டா?"

"அவ கேட்டா."

கைலியோடு ஓடினேன். பஸ் போய் வெகுநேரமாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ரத்தம், செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று தரையைப் பார்த்தேன். நான் அப்பனா, போலீஸ்காரனா?

திரும்பக் கடைக்குப் போகவில்லை. மத்தியானத்திலிருந்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செங்கல்பட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்றேன். நாலாவது பஸ்ஸா ஐந்தாவதா, மார்கரெட் முதலில் இறங்கினாள். கை கொடுக்கவில்லை, பையை மட்டும் வாங்கிக்கொண்டு தள்ளி நின்றாள். சுராயா மேல்படியில் உட்கார்ந்தாள். இரும்புக் காலைக் கையால் பிடித்து முதலில் கீழே வைத்தாள். பிறகு மற்றக் கால். கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். கண்டக்டர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், ஊதவில்லை.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான்— என்னை அடித்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

வீட்டு வாசலில் நான் கேட்டேன், எங்கே கத்துக்கிட்டே என்று.

"கொல்லையில. கவுத்து வச்ச அண்டா மேல. அதான் பஸ் படி உசரம் இருக்குது. ரெண்டு வருஷமா ஏறி எறங்குறேன். மார்கரெட்தான் கண்டக்டர். வாயாலயே விசிலடிப்பா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அண்டாவை எடுத்துக் கடையில வச்சிருப்பீங்க."

வைத்திருப்பேன்.

28-1-1975

நரசிம்மன் வீட்டுக்குப் போய், அண்டா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். தட்டி நிமிர்த்த ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

30-1-1975

அவள் பஸ்ஸில்தான் போகிறாள். எங்களுக்குள் பேச்சே குறைவு. வண்டி வேலையை விடவில்லை. வண்டி ஓடிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

2-2-1975, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ்!

புது ஒயர். பேட்டரி முனைகளின் மேல் பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர். நாலு மூலையிலும் கட்டை கொடுத்துப் பலகையை உயர்த்தி, அதன்மேல் சீட். இப்போது நவாப் மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தலை கூரையில் இடிக்கிறது. பரவாயில்லை, தொப்பி இருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன். ஒரே தொடல். கர்ர் என்று பிடித்துக்கொண்டது. டீக்கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். பழக்கத்தில் இரண்டு பேர் தள்ளவும் வந்துவிட்டார்கள்.

சாலமோன் சொன்னார்: "அண்ணாத்த, நீ இன்ஜினீரு." நாளை காலை சுராயாவை ஏற்றிக்கொண்டு போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. வாசலில் தயாராக ஓடிக்கொண்டு நிற்கும், அவளே பார்க்கட்டும்.

3-2-1975

பார்த்தாள். "சூப்பரு அத்தா! சத்தமே இல்ல" என்றாள். பானெட்டைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு, "டைமாச்சு, பஸ் வந்துடும்" என்று மார்கரெட்டோடு போய்விட்டாள்.

இன்ஜினை அணைக்கத் தோன்றவில்லை. ஓடுகிற வண்டியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன செய்தேன் என்றால்— பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். செங்கல்பட்டு வரை, அதன் புழுதியைத் தின்றுகொண்டு. பஸ் நின்றால் நின்றேன். ஒரு நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா பாய், பஸ்ஸுக்குக் காவலா? பின்னாடி எவனாவது தூக்கிகினு போய்டுவான்னா?" என்றார்.

சாயந்திரம் அவள் முகம் சிவந்திருந்தது. "ஒளிஞ்சு வந்துட்டதா நெனச்சுகினீங்களா? அந்த ஸ்பேனர் சட்டத்துக்குள்ள உருள்றது பஸ்ஸுல எல்லாருக்கும் கேட்டுச்சு. ‘உங்க அத்தா வராரு’ன்னு ஒவ்வொருத்தியும் சொல்றா."

"நீ வுழுந்துட்டீன்னா?"

"வுழுந்தா எழுந்துப்பேன் அத்தா. நீங்க பின்னாடி வந்தா எப்டி வுழறது?"

 

4-2-1975

இன்று பின்னால் போகவில்லை. பாதி வழிதான் போனேன்.

5-2-1975

போகவில்லை.

31-3-1975, திங்கள்

முதல் பரீட்சை. தமிழ்.

அவள் நாஸ்தா சரியாகச் சாப்பிடவில்லை. நான் வண்டியைத் துடைத்துவிட்டு வாசலில் நின்றேன். "வண்டி தயாரா கீது" என்று மட்டும் சொன்னேன். "தெரியும் அத்தா" என்றாள். போகும்போது பானெட்டின்மேல் கையை வைத்துவிட்டுப் போனாள், பெரியவர்களிடம் துஆ வாங்குகிற மாதிரி.

அவள் தெருமுனை திரும்பியதும் ஜஹனாரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "சும்மாதானே நிக்குது. மகாபலிபுரம் வரிக்கும் போலாமா?" என்று கேட்டபடியே முன் சீட்டில் ஏறிவிட்டாள். அது சுராயாவின் இடம். ஜஹனாரா அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடலில் அவள் கணுக்கால் நனைகிற வரை நின்றாள். அலை வரும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா வாசல்ல நிக்குது இந்த வண்டி. ஒரு தரம்கூட என்னை ஏறுன்னு சொல்லல."

"ஏறினா நீயும்தானே தள்ளணும்?"

"தள்ளியிருப்பேன்" என்றாள்.

திரும்பி வரும்போது சாயந்திரம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என் கால் தானாகப் பிரேக்கில் போயிற்று. ஜஹனாரா என்னைப் பார்த்தாள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்தது. நான் இறங்கவில்லை. சுராயா மேல்படியில் உட்கார்ந்து, இரும்புக் காலை வைத்து, மற்றக் காலை வைத்து, எழுந்து நின்றாள். மார்கரெட்டோடு ஏதோ கேள்வித்தாள் வாக்குவாதம். எங்களைப் பார்த்துவிட்டாள். நான் வேறு பக்கம் பார்ப்பது போல இருந்தேன். இவ்வளவு பெரிய உடம்போடு கவனிக்காத மாதிரி இருப்பது கஷ்டம்.

வந்து முன் கதவைத் திறந்தாள்.

"பின்னாடி ஏறு" என்றாள் ஜஹனாரா, நகராமல்.

சுராயா சிரித்துக்கொண்டே பின்னால் போய் ஏறினாள். மார்கரெட்டும் ஏறினாள். "வூட்டாண்ட வுடுங்க அத்தா, கால் வலிக்குது" என்றாள் சுராயா. பரீட்சை எப்படி என்று கேட்டேன். "ஈசி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

சுவிட்சைத் தொட்டேன், கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு என்ன தூரம்? இன்ஜின் சூடுகூட ஆகவில்லை. அந்த ஸ்பேனர் மட்டும் வீடு வரை உருண்டுகொண்டே வந்தது.

இப்போதுதான் நினைவு வருகிறது: பஸ் ஸ்டாண்டில் நான் நிறுத்திய இடம் சமதரை.